புளியாரை இனங்களும் நாற்றுப்பண்ணையின் பொறுப்பும்

வீட்டுத் தோட்டம் வைத்திருப்போர் அனைவரும் அறிந்த சிறு பூண்டுகளுள் புளியாரையும் ஒன்று. கிணற்றடியிலும், பாத்தியின் ஓரத்திலும், பூந்தொட்டியின் விளிம்பிலும், செங்கல் இடுக்கிலும் அது தானாகவே முளைத்துப் படர்கிறது. வயலிலும் குளக்கரையிலும் வளரும் ஆரைக்கீரையின் இலையை ஒத்த இலையும், புளிப்புச் சுவையும் உடையதாதலின் அது புளியாரை எனப் பெயர் பெற்றது. ஆரை நான்கு சிற்றிலைகளை உடையது. பூவாத பெரணி வகுப்பைச் சேர்ந்தது. புளியாரையோ மூன்று சிற்றிலைகளை உடையது. மஞ்சள் நிறப் பூக்களைப் பூப்பது. இலையின் ஒற்றுமையைக் கண்டு இரண்டிற்கும் ஒரே பெயரை வழங்கிய மக்கள், சுவையைக் கொண்டு அவற்றை வேறுபடுத்தியும் அறிந்திருந்தனர்.

இவ்வாறு நுணுகி நோக்கிப் பெயரிட்ட வழக்கம் இருந்தும், இன்று தோட்டங்களில் காணப்படும் புளியாரை இனங்கள் அனைத்தையும் ஒரே செடியாகக் கருதும் நிலை பரவலாக இருப்பது வருந்தத்தக்கது. தாவரவியலார் ஆக்ஸாலிஸ் என்று வழங்கும் இப்பேரினத்தில் 500க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் அடங்கியுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை தென் அமெரிக்காவையும் தென்னாப்பிரிக்காவையும் தாயகமாகக் கொண்டவை. அழகுக்காகக் கொண்டுவரப்பட்டும், பிற செடிகளின் மண்ணோடு கலந்து வந்தும் சில இனங்கள் இந்தியத் தோட்டங்களில் நிலைபெற்றுவிட்டன. சில விதையால் பெருகுகின்றன. சில மண்ணுக்குள் மறைந்திருக்கும் கிழங்குகளால் பெருகுகின்றன. முன்னதை அழிக்கும் முறை பின்னதைப் பெருக்கும் முறையாக முடிவதே இங்குள்ள இடர்ப்பாடாகும்.

இக்களைகள் ஒரு தோட்டத்தில் மண்டிக் கிடந்தால், தோட்டத்திற்குரியவரின் கவனக்குறைவே காரணம் என்று கூறிவிடுவது வழக்கம். அது முற்றிலும் நியாயமான தீர்ப்பன்று. கிழங்குடைய இனங்கள் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்குத் தாமாகச் செல்ல வல்லவை அல்ல. மண்ணோடு மண்ணாக மனிதரே அவற்றை எடுத்துச் செல்கின்றனர். மண்ணோடு கூடிய செடிகளை ஊரெங்கும் மிகுதியாக வழங்குபவை நாற்றுப்பண்ணைகளும், பள்ளித் தோட்டங்களும், நாற்று வழங்கும் திட்டங்களுமே. ஆகவே திருத்தம் இல்லத்தாரிடமிருந்து அன்று, செடி வழங்குவோரிடமிருந்தே தொடங்க வேண்டும்.

இனங்களை வேறுபடுத்தி அறிதல்

தோட்டத்தில் பெரும்பாலும் எதிர்ப்படும் இனங்களை இனங்காண நுண்ணோக்கி வேண்டியதில்லை. ஒரு செடியை மண்ணோடு மெல்லத் தோண்டியெடுத்து அதன் அடிப்பகுதியைப் பார்த்தாலே போதும்.

முதலாவது, நாடறிந்த புளியாரை. லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஆக்ஸாலிஸ் கார்னிகுலேட்டா என்னும் பெயரில் இடம் பெற்றது இதுவே. கொம்பு போல் நிமிர்ந்து நிற்கும் சிறு காய்களைக் குறித்தே அப்பெயர் அமைந்தது. இதன் மெல்லிய தண்டு தரையோடு படர்ந்து, கணுதோறும் வேர் விடும். மண்ணுக்குள் கிழங்கு கிடையாது. பூ மஞ்சள் நிறமுடையது. காய் முற்றியதும் வெடித்து விதைகளைத் தெறிக்கச் செய்கிறது. ஒவ்வொரு விதையையும் மூடியுள்ள சதைப்பற்றான மேலுறை திடீரெனக் கிழிந்து, உட்புறம் வெளிப்புறமாகத் திரும்பும்பொழுது, அதனுள் இருந்த விதை விசையோடு எறியப்படுகிறது. அருகிலுள்ள தொட்டிகளில் இச்செடி விரைவில் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது, ஆக்ஸாலிஸ் லாட்டிபோலியா என்பது. மெக்சிகோவிலும் அதனைச் சூழ்ந்த வெப்பமண்டல அமெரிக்கப் பகுதிகளிலும் இயல்பாக வளர்வது. தரைக்கு மேல் தண்டு தோன்றாது. இலைக்காம்புகள் நேரே மண்ணிலிருந்து எழும். மூன்று சிற்றிலைகளும் அகன்ற முக்கோண வடிவுடையவை; ஒவ்வொன்றும் மீனின் வாலை நினைவூட்டும். பூ இளஞ்சிவப்பு அல்லது இளஊதா நிறமுடையது. மண்ணுக்குள் சிறு வெங்காயத்தைப் போன்ற கிழங்கு ஒன்றும், அதைச் சுற்றி மெல்லிய காம்புகளின் நுனியில் பல குட்டிக் கிழங்குகளும் காணப்படும். நீலகிரி போன்ற மலைப்பகுதிகளின் காய்கறித் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் பெருந்தொல்லை தரும் களை இது.

மூன்றாவது, ஆக்ஸாலிஸ் டெபிலிஸ் என்பது; பழைய நூல்களில் கோரிம்போசா என்றும் குறிக்கப்பெறும். தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. இதன் சிற்றிலைகள் வட்டமான இதய வடிவுடையவை. பூ இளஞ்சிவப்பு நிறமுடையது. குட்டிக் கிழங்குகள் காம்பின்றித் தாய்க்கிழங்கை நெருக்கமாகச் சூழ்ந்திருக்கும். விரல் பட்டாலே உதிர்ந்துவிடும்.

நான்காவதாக, அண்மைக் காலத்தில் நகரத்து நாற்றுப்பண்ணைகளில் விற்கப்படும் ஆக்ஸாலிஸ் டிரையாங்குலாரிஸ் என்னும் அழகுச்செடியைச் சொல்லலாம். பிரேசிலும் அதன் அண்டை நாடுகளும் இதன் தாயகம். கருஞ்சிவப்பு கலந்த ஊதா நிற இலைகளுக்காகவே இது விரும்பி வளர்க்கப்படுகிறது. மண்ணுக்குள் செதில் மூடிய நீண்ட கிழங்குகள் இருக்கும்.

முதலாவது விதையால் வாழ்வது; ஏனைய மூன்றும் பெரிதும் கிழங்கால் வாழ்பவை. இந்த ஒரு வேறுபாட்டைக் கற்பித்துவிட்டால், களை பற்றிய பாடத்தில் பாதியைக் கற்பித்தாயிற்று.

கிழங்கை நம்பி வாழும் காரணம்

நாள்தோறும் பூக்கும் செடி விதையின்றிக் கிழங்கை மட்டும் நம்புவது ஏன் என்னும் கேள்வி எழலாம். இதற்கான விடை பூவின் அமைப்பில் இருக்கிறது. ஆக்ஸாலிஸ் பேரினத்தின் பல சிற்றினங்களில் மூவகைப் பூக்கள் உண்டு. சில செடிகளின் பூக்களில் சூல்தண்டு மகரந்தக் கேசரங்களைவிட நீண்டிருக்கும். சிலவற்றில் இடைநிலையில் இருக்கும். வேறு சிலவற்றில் குட்டையாக இருக்கும். ஒரு வகைப் பூவிற்கு அதே வகைப் பூவின் மகரந்தம் பெரும்பாலும் பயன்படாது. வேறு வகையின் மகரந்தம் வந்து சேர்ந்தால்தான் விதை நன்கு உண்டாகும். சார்லஸ் டார்வின் 1877ஆம் ஆண்டில் ஒரே இனத்துச் செடிகளில் காணப்படும் வெவ்வேறு பூ வடிவங்களைப் பற்றி எழுதிய நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

தாயகத்தில் மூவகைச் செடிகளும் கலந்து வளர்கின்றன. கடல் கடந்து கொண்டுவரப்பட்ட இடங்களிலோ பெரும்பாலும் ஒரு வகை மட்டுமே வந்து சேர்ந்தது. இணையில்லாத அச்செடி விதை உண்டாக்க இயலாமல், கிழங்கால் மட்டுமே பெருகியது. லாட்டிபோலியாவும் டெபிலிஸும் இந்தியாவில் பெரும்பாலும் இந்நிலையிலேயே உள்ளன. காற்றில் பறக்கும் விதையும், பறவை உண்ணும் பழமும் இவற்றிற்கு இல்லை. ஒரு மலைச்சரிவிலிருந்து மற்றொரு மலைச்சரிவிற்கு இவை சென்றிருப்பின், மழைநீர் அடித்துச் சென்ற சிறு தொலைவு நீங்கலாக, கூடையிலும் வண்டியிலும் மண்வெட்டியிலும் ஒட்டிக்கொண்டே சென்றிருக்க வேண்டும்.

இதற்கு வரலாற்றிலும் சான்று உண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் வளரும் ஆக்ஸாலிஸ் பெஸ்-காப்ரே என்னும் மஞ்சள் பூச்செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மால்ட்டாத் தீவின் தாவரவியல் தோட்டத்தில் வளர்க்கப்பட்டது. பின்னர் அது மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளெங்கும் பரவி, எலுமிச்சை, ஆலிவ், திராட்சைத் தோட்டங்களில் நீங்காத களையாயிற்று. அங்கும் அது பெரிதும் ஒரே பூவகையைச் சேர்ந்ததாய், கிழங்காலேயே பெருகிற்று. அழகும் அறிவும் கருதி வளர்க்கப்பட்ட ஒரு செடி உழவருக்குச் சுமையாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

மண்வெட்டி செய்யும் தீங்கு

களையைக் கண்டதும் கொத்தி எறிவது உழவரின் இயல்பான செயல். கோரையையும் அருகையும் எதிர்த்துப் பழகிய கை, கிழங்குடைய புளியாரையையும் அவ்வாறே எதிர்க்கிறது. ஆனால் இங்கே கொத்துந்தோறும் தாய்க்கிழங்கைச் சுற்றியுள்ள குட்டிக் கிழங்குகள் பிரிந்து மண்ணில் சிதறுகின்றன. ஒரு செடியைச் சுற்றிப் பத்துக்கும் மேற்பட்ட குட்டிக் கிழங்குகள் இருத்தல் இயல்பு. பிடுங்கிய கையில் இலைகளும் தாய்க்கிழங்கும் வந்துவிட, களை நீங்கிற்று என்னும் நிறைவு உண்டாகிறது. சில வாரங்களில் ஒரு செடி நின்ற இடத்தில் பல செடிகள் தலைகாட்டுகின்றன.

உருளைக்கிழங்கு, காரட், பீட்ரூட் ஆகிய பயிர்களில் இத்தொல்லை இரட்டிப்பாகிறது. அவற்றை அறுவடை செய்வதென்றால் மண்ணைக் கிளறியே ஆகவேண்டும். பயிரை எடுக்கும் ஒவ்வொரு முறையும் களையின் கிழங்குகள் பாத்தியெங்கும் பரப்பப்படுகின்றன. மலைத்தோட்டங்களில் களையெடுக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்கின்றனர். பருவந்தோறும் குனிந்தும் குந்தியும் அவர்கள் செய்யும் உழைப்பு, முறை தவறியதனால் மட்டுமே அடுத்த பருவத்தின் களையை விதைக்கும் உழைப்பாக மாறுகிறதென்றால், அது சிறிய செய்தியன்று. அவர்களுக்குச் செடியின் இயல்பை எடுத்துரைக்காத விரிவாக்கப் பணி தன் கடமையில் ஒரு பகுதியைச் செய்யாது விட்டதேயாகும்.

களைக்கொல்லி தெளித்தால் போதும் என்று கருதுவோரும் உண்டு. இலைகளின் வழியே உட்செல்லும் மருந்து இலைகளோடு தொடர்புடைய தாய்க்கிழங்கைத் தாக்கலாம். பிரிந்து ஓய்வு நிலையில் கிடக்கும் குட்டிக் கிழங்கை அது சென்றடைவதில்லை. கீரையும் வெண்டையும் குழந்தைகளின் காலடியும் கலந்திருக்கும் வீட்டுத் தோட்டத்தில் அத்தகைய மருந்தை முதல் வழியாகப் பரிந்துரைப்பது விவேகமுமன்று.

செய்யத்தக்கது வேறு. செடி இளமையாக, சில இலைகளோடு மட்டும் இருக்கும் பருவத்தில், பூப்பதற்கு முன்பே, மண் ஈரமாக உள்ளபொழுது, சிறு கைக்கருவியால் சுற்றிலும் உள்ள மண்ணோடு சேர்த்து ஒரு கட்டியாக எடுக்க வேண்டும். அம்மண்ணைக் கண் சிறிய சல்லடையில் இட்டுச் சலித்துக் கிழங்குகளைப் பொறுக்க வேண்டும். பொறுக்கிய கிழங்குகளை எருக்குழியில் இடலாகாது. நன்கு உலர்த்தி எரித்துவிட வேண்டும். தோண்ட இயலாத இடங்களில் இலை தோன்றுந்தோறும் கிள்ளி வந்தால், உணவு தயாரிக்க வழியின்றிக் கிழங்கு மெல்ல மெல்ல வலுவிழக்கும். இது ஒரு பருவத்தில் முடியும் வேலையன்று. ஆண்டுதோறும் தொடர்ந்து செய்ய வேண்டியது. இவ்வுண்மையை முதலிலேயே சொல்லிவிடுவது, பின்னர் ஏற்படும் மனச்சோர்வைத் தடுக்கும்.

படரும் புளியாரைக்கு இத்தனை உழைப்பு வேண்டியதில்லை. காய் முற்றுவதற்கு முன் பிடுங்குவதும், வேர்விட்ட கணுக்கள் மண்ணில் தங்காதவாறு பார்ப்பதுமே போதும். அதன் விதை முளைப்பதற்கு ஒளி துணை செய்வதால், பாத்தியை வைக்கோலாலும் சருகாலும் மூடி வைத்தால் புதிய முளைகள் பெரிதும் குறையும்.

பயன்களையும் எண்ண வேண்டும்

களை என்னும் ஒரே சொல்லால் அனைத்தையும் ஒதுக்குவதும் தவறு. படரும் புளியாரை நெடுங்காலமாகக் கீரையாகவும் துவையலாகவும் உண்ணப்பட்டு வருவது. நாட்டு மருத்துவத்திலும் இடம் பெற்றது. வடமொழி மருத்துவ நூல்கள் இதனைச் சாங்கேரி என்று குறிக்கின்றன. இதன் இலைகளைத் தின்று வளரும் புழுக்கள் வெளிர்நீலச் சிறு பட்டாம்பூச்சிகளாக மாறுகின்றன. ஜப்பானில் 2011ஆம் ஆண்டு புகுஷிமா அணுவுலை விபத்திற்குப் பின், கதிரியக்கத்தின் விளைவை ஆராய்ந்த விஞ்ஞானிகள் தேர்ந்துகொண்ட பட்டாம்பூச்சி இவ்வகையைச் சேர்ந்ததே. புளியாரை இலையையே அதற்கு உணவாகக் கொடுத்தனர். தோட்டத்தின் ஒரு மூலையில் இச்செடியைச் சிறிது விட்டு வைப்பதால் கேடொன்றுமில்லை.

எனினும் அளவு வேண்டும். இலையின் புளிப்பிற்குக் காரணம் ஆக்ஸாலிக் அமிலமும் அதன் உப்புக்களுமாம். அமிலத்தின் பெயரே இச்செடியின் பெயரிலிருந்து பிறந்தது. உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்துடன் இவ்வமிலம் சேர்ந்து கரையாத உப்பாக மாறுகிறது. சிறுநீரகத்தில் கல் உண்டாகும் இயல்புடையோரும் சிறுநீரக நோயுடையோரும் இக்கீரையைத் தவிர்ப்பதே நலம். இதே குடும்பத்தைச் சேர்ந்த நட்சத்திர வடிவத் தமரத்தங்காயும் சிறுநீரக நோயாளிகளுக்குத் தீங்கு விளைவிப்பது என்பதைச் சேர்த்துச் சொல்லுதல் பயன் தரும். பிறநாடுகளில் ஆக்ஸாலிஸ் இனங்களை மிகுதியாக மேய்ந்த ஆடுகள் நச்சுக்கு உள்ளானதும் உண்டு. அதே வேளையில், ஆண்டிஸ் மலை மக்கள் ஆக்ஸாலிஸ் டியூபரோசா என்னும் இனத்தின் கிழங்கை உருளைக்கிழங்கைப் போல் பயிரிட்டு உண்டு வருகின்றனர் என்பதையும் மறக்கலாகாது.

களப்பணியாளர் கருத வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. மக்காச்சோளத்தைத் தாக்கும் பொதுத் துருநோயின் பூஞ்சை, தன் வாழ்க்கையின் ஒரு பகுதியை ஆக்ஸாலிஸ் இலைகளில் கழிக்க வல்லது. அமெரிக்க ஆராய்ச்சியாளரான ஆர்தர் 1904ஆம் ஆண்டில் இத்தொடர்பை நிறுவினார். வெப்ப நாடுகளில் இப்பூஞ்சை மக்காச்சோளத்திலேயே தொடர்ந்து வாழ முடியுமாதலின், புளியாரையை ஒழித்தால் நோய் ஒழிந்துவிடும் என்று கூறுவதற்கில்லை. ஆனால் மக்காச்சோள வயலின் ஓரத்தில் உள்ள புளியாரை இலையில் மஞ்சள் நிறப் புள்ளிகள் காணப்பட்டால், அதனைக் குறித்து வைக்கும் பழக்கம் களப்பணியாளருக்கு இருத்தல் நன்று.

அழகுச்செடிகளைத் தடை செய்வதா?

இத்தனை தொல்லை இருக்கும்பொழுது ஆக்ஸாலிஸ் அழகுச்செடிகள் அனைத்தையும் விலக்கிவிடலாமே என்று கேட்கப்படலாம். அவ்வாறு செய்ய வேண்டியதில்லை. ஊதா இலையுடைய டிரையாங்குலாரிஸ் தொட்டியில் அடங்கி வளர்வது. சிறிதளவு ஒளியுள்ள முன்கூடத்திலும் செழிப்பது. மாலையில் இலைகள் மடிவதும் காலையில் விரிவதும் காண்போர்க்கு இன்பம் தருவன. நான்கு சிற்றிலைகளையுடைய மெக்சிகோ இனமாகிய டெட்ராபில்லாவும் அவ்வாறே தொட்டிக்கு ஏற்றது. ஐரோப்பாவில் சில நாடுகளில் அது நற்பேற்றைத் தரும் செடியாகக் கருதப்பட்டுப் புத்தாண்டுப் பரிசாக வழங்கப்படுகிறது.

கேடு செடியில் இல்லை. அதனைத் தொட்டியிலிருந்து தரைக்கு இறக்குவதிலும், பழைய தொட்டி மண்ணைப் பாத்தியில் கொட்டுவதிலுமே இருக்கிறது. மெக்சிகோவிலிருந்து வந்த லாட்டிபோலியாவையும் தென் அமெரிக்காவிலிருந்து வந்த டெபிலிஸையும் ஒரு காலத்தில் பூவுக்காகவே பல நாடுகளில் விரும்பி வளர்த்தனர் என்பதை நினைவிற் கொண்டால், இன்றைய அழகுச்செடியை எச்சரிக்கையோடு கையாள்வதன் தேவை புலனாகும். விற்பனைக்கு வைக்கும் ஒவ்வொரு தொட்டியிலும், கிழங்கால் பெருகும் செடி, தரையில் நடற்க, மண்ணைத் தோட்டத்தில் கொட்டற்க என்று சிறு குறிப்பு எழுதி வைப்பது விற்போரின் கடமையாக்கப்பட வேண்டும். ஆயின் லாட்டிபோலியா, டெபிலிஸ் ஆகிய இரண்டையும் பொறுத்தவரை இச்சலுகை பொருந்தாது. அவற்றை விற்பதையும் பரிசளிப்பதையும் நிறுத்துவதே தக்கது.

செடி வழங்குவோரின் கடமை

அயல்நாடுகளிலிருந்து வரும் செடிகளையும் அவற்றோடு வரும் மண்ணையும் கண்காணிக்க 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை உள்ளது. துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் அவ்வாணையின்படி சோதனை நடைபெறுகிறது. ஆனால் ஒரு மாவட்டத்தின் நாற்றுப்பண்ணையிலிருந்து மற்றொரு மாவட்டத்தின் வீட்டு முற்றத்திற்குச் செல்லும் ஒரு கூடை மண்ணை நின்று பார்ப்பார் இலர். உள்நாட்டில் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்ட களைகள் இவ்வழியிலேயே புதிய இடங்களை அடைகின்றன. மாடித் தோட்டங்கள் பெருகிவரும் இக்காலத்தில், மண்ணும் தென்னை நார்க்கழிவும் நிரப்பிய பைகளும், தபாலில் வரும் தொட்டிச் செடிகளும் இவ்வழியை மேலும் அகலமாக்கியுள்ளன.

பெருஞ்செலவின்றி நாற்றுப்பண்ணைகள் செய்யத்தக்கவை சில உண்டு. முதலாவதாக, நாற்றுப்பைகளுக்கான மண்ணை எங்கிருந்து எடுக்கிறோம் என்பது பதிவேட்டில் குறிக்கப்பட வேண்டும். கிழங்குடைய புளியாரை காணப்படும் நிலத்திலிருந்து மண் எடுக்கலாகாது. இரண்டாவதாக, எடுத்த மண்ணைச் சலித்தே பயன்படுத்த வேண்டும். மூன்றாவதாக, மழைக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொரு மண் குவியலிலிருந்தும் சிறிது எடுத்து, ஆழமற்ற தட்டில் பரப்பி, நாள்தோறும் நீர் தெளித்துச் சில வாரங்கள் வைத்திருந்தால், அதில் ஒளிந்துள்ள களைகள் தாமே வெளிப்படும். ஓய்வு நிலையிலுள்ள கிழங்கு முளைக்காது தப்பலாமாதலின், இச்சோதனை சல்லடைக்குத் துணையே அன்றி மாற்றன்று. நான்காவதாக, சமவெளியின் கோடையில், ஈரமாக்கிய மண்ணை மெல்லிய அடுக்காகப் பரப்பி, ஒளி புகும் பாலித்தீன் தாளால் இறுக மூடி நான்கு முதல் ஆறு வாரங்கள் வெயிலில் வைத்தால், உள்ளே ஏறும் வெப்பம் விதைகளையும் இளங்கிழங்குகளையும் பெரிதும் அழிக்கும். குளிர்ந்த மலைப்பகுதிகளில் போதிய வெப்பம் ஏறாதாகையால் அங்கு இம்முறையை நம்பியிருத்தல் கூடாது.

சிறு நாற்றுப்பண்ணை நடத்துவோருக்கு இவை சுமையாகும் என்று சொல்லப்படலாம். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆதலால் இவற்றை முதலில் மேற்கொள்ள வேண்டியவை அரசுப் பண்ணைகளும், பொதுப் பணத்தில் நாற்று வழங்கும் திட்டங்களுமேயாம். தூய மண்ணில் வளர்ந்த நாற்று என்னும் உறுதியோடு அவை செடிகளை வழங்கத் தொடங்கினால், மக்கள் பிற இடங்களிலும் அதனையே கேட்பர். வழங்கிய நாற்றுகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு ஒரு திட்டத்தின் வெற்றியை அளப்பது போதாது. ஒரு முருங்கை நாற்றோடு ஒரு கைப்பிடிக் களைக்கிழங்கும் கொடுக்கப்பட்டிருப்பின், அந்த இல்லத்திற்குச் செய்யப்பட்டது முழு உதவியாகாது.

பள்ளியில் தொடங்கலாம்

ஆசிரியர்களுக்கு இச்செடி செலவில்லாத ஆய்வுக்கூடம். படரும் புளியாரை ஒன்றையும் கிழங்குடைய இனம் ஒன்றையும் வேரோடு எடுத்து, கழுவி, வெள்ளைத் தாளில் அருகருகே வைத்து வரையச் செய்தால், மாணவர் களையெடுப்பின் அடிப்படையைக் கண்ணால் கண்டுகொள்வர். முற்றிய காயை விரலால் மெல்லத் தொட்டு விதை தெறிப்பதைக் காட்டலாம். தெறித்த தொலைவை அளக்கச் செய்யலாம். இலைகள் மாலையில் மடியும் நேரத்தைக் குறிக்கச் செய்யலாம். மங்கிய செப்புக் காசை இலையால் தேய்த்து, அமிலத்தின் செயலைக் காட்டலாம். உயர்வகுப்பு மாணவருக்கு, வோலர் 1824ஆம் ஆண்டில் சயனோஜன் என்னும் வாயுவிலிருந்து இதே அமிலத்தைச் செயற்கையாக உண்டாக்கினார் என்பதையும், உயிர்ப்பொருள்களைப் பற்றிய எண்ணங்கள் மாறத் தொடங்கிய காலம் அது என்பதையும் எடுத்துரைக்கலாம்.

இவற்றோடு ஒரு கட்டுப்பாடும் வேண்டும். ஆய்வுக்கு எடுத்த கிழங்குகளைப் பள்ளித் தோட்டத்தில் எறியாமல், எண்ணி, உலர்த்தி, அழித்துவிட வேண்டும். பள்ளித் தோட்டத்திலிருந்து மாணவர் வீட்டிற்குக் கொண்டு செல்லும் செடிகளில், இயன்றவற்றை விதையாகவோ வெட்டிய தண்டாகவோ வழங்கலாம். மண்ணோடு வழங்க நேரின் அம்மண்ணைச் சலித்த பின்னரே வழங்க வேண்டும். இப்பழக்கம் சிறுவயதில் கைவந்துவிட்டால், பின்னாளில் எந்தச் சட்டமும் நினைவூட்ட வேண்டியதில்லை.

நாட்டில் பார்த்தீனியம் போன்ற களைகளைப் பற்றி மக்கள் ஓரளவு அறிந்திருக்கின்றனர். அதனைக் கண்டால் அஞ்சுகின்றனர். மூன்று இலையும் இளஞ்சிவப்புப் பூவும் கொண்ட மெல்லிய பூண்டைக் கண்டு அஞ்சுவார் எவருமில்லை. அழகாயிருக்கிறதென்று அயல்வீட்டார்க்கு ஒரு பிடி பெயர்த்துக் கொடுப்பாரே உண்டு. அவ்வன்பான செயலை இகழ வேண்டியதில்லை. கொடுக்கும் முன் வேரைக் கழுவி, அடியில் கிழங்கு இருக்கிறதா என்று ஒரு முறை பார்க்கச் சொல்லிக் கொடுத்தால் போதும். அதனைச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு, ஊரெங்கும் செடி வழங்கும் துறைகளுக்கும், மாணவர் கையில் முதல் நாற்றைக் கொடுக்கும் ஆசிரியருக்கும் உரியது. முதலில் அவர்கள் தத்தம் பண்ணை மண்ணையும் பள்ளி மண்ணையும் சலித்துப் பார்க்கத் தொடங்குவார்களாக.